சோம்பல் அன்று, தசைப் பலவீனம்: நரம்புத்தசை நோய்களை அறிதலும் பேணுதலும்



"பையன் நொம்பச் சோம்பலுங்க. பழனிக்குப் போனா நாலு படி ஏறறதுக்குள்ள உக்காந்துக்கறான். ஓடறப்ப எல்லாருக்கும் பொறவுதான் வர்றான்."

காய்ச்சலுக்கு மருந்து வாங்க வந்த இடத்தில், ஐந்து வயது மகனைக் காட்டித் தாய் ஒருவர் பேச்சோடு பேச்சாக இதைக் கூறுவார். நாங்கள் சிறுவனைத் தரையில் அமர்த்தி எழச் சொல்வோம். அவன் முதலில் குப்புறத் திரும்பிக் கைகளைத் தரையில் ஊன்றுவான். பிறகு முழங்காலைப் பற்றுவான். தன் தொடையின் மீதே கைகளை வைத்து ஏறி நிமிர்வான். அப்போது அத்தாயின் இடுப்பில் ஒரு வயது நிரம்பிய இளைய மகன் அமர்ந்திருப்பான். மூத்தவனுக்கு வந்தது இவனுக்கும் இருக்குமோ என்னும் கேள்வி அந்த அறையில் எழுந்துவிடும்.

இது ஒரு குடும்பத்தின் கதை அன்று. பல குடும்பங்களில் கண்டதைச் சேர்த்துச் சொல்கிறோம். நரம்புத்தசை நோய்களின் முதல் அடையாளங்களைக் காண்பவர் மருத்துவர் அல்லர், வீட்டில் உள்ளவர்களே. அவர்கள் கண்டதைச் 'சோம்பல்' என்று பெயரிட்டு ஒதுக்கினால் ஆண்டுகள் வீணாகின்றன. அமெரிக்காவில் நடந்த ஆய்விலும், சிறுவர்களைத் தாக்கும் டுஷேன் தசைச்சிதைவின் முதல் அறிகுறி தோன்றியதற்கும் நோய் உறுதிசெய்யப்பட்டதற்கும் இடையே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சென்றதாகத் தெரியவந்தது. அந்த இடைவெளியைக் குறைப்பதே இப்பாடத்தின் நோக்கம்.

நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் வழி

நம் பகுதி பாசனத்தை நம்பிய பகுதி. அணையில் திறந்த நீர் வாய்க்கால் வழியே ஓடி, மடை வழியாக வயலை அடைகிறது. பயிர் வாடினால் குறை நான்கு இடங்களில் ஏதேனும் ஒன்றில் இருக்கலாம். அணையில் நீர் இல்லாதிருக்கலாம், வாய்க்கால் உடைந்திருக்கலாம், மடை அடைபட்டிருக்கலாம், வயலின் மண்ணே கெட்டிருக்கலாம்.

உடலிலும் இவ்வாறே நான்கு இடங்கள் உண்டு. தண்டுவடத்தில் உள்ள இயக்க நரம்பணுக்கள் அணை போன்றவை; அங்கிருந்து கை கால்களுக்குச் செல்லும் நரம்புகள் வாய்க்கால்கள்; நரம்பு தசையைத் தொடும் சந்திப்பு மடை; தசை வயல். நரம்பணுக்கள் நலிந்தால் தண்டுவடத் தசைநலிவு நோய் வருகிறது. நரம்புகள் திடீரெனத் தாக்கப்பட்டால் கில்லன் பாரே நோய் தோன்றுகிறது. சந்திப்பில் தடை நேர்ந்தால் மயஸ்தீனியா என்னும் தசைக்களைப்பு நோய் உண்டாகிறது. தசையே சிதைந்தால் அதைத் தசைச்சிதைவு என்கிறோம்.

பயிர் வாடியதைக் கண்டவுடன் உழவர் மடையைத் திறந்து பார்க்கிறார். வாய்க்கால் வழியே நடந்து பார்க்கிறார். மருத்துவரும் அவ்வாறே குறை எந்த இடத்தில் என்று தேடுகிறார். நான்கு இடங்களின் நோய்களுக்கும் சிகிச்சை வேறு வேறு என்பதால் இத்தேடல் இன்றியமையாதது.

சோர்வும் பலவீனமும் ஒன்றல்ல

"உடம்பில் தெம்பே இல்லை" என்று கூறும் பலருக்குத் தசை நோய் இருப்பதில்லை. இரத்தசோகை, தைராய்டுக் குறைபாடு, சர்க்கரை நோய், உறக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவையும் உடலைத் தளர்த்தும். ஆயினும் வேறுபாடு ஒன்று உண்டு. சோர்வுற்றவர் ஒரு செயலைச் செய்ய விரும்பமாட்டார், முயன்றால் செய்துவிடுவார். தசைப் பலவீனம் உள்ளவர் விரும்பியும் குறிப்பிட்ட ஒரு செயலைச் செய்ய இயலாமல் நிற்பார்.

ஆகவே மருத்துவரிடம் வரும்போது 'பலவீனம்' என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாதீர்கள். எந்தச் செயல் முடியவில்லை என்று கூறுங்கள். இடுப்புத் தசைகள் தளர்ந்தால் தரையிலிருந்தும் இந்தியவகைக் கழிப்பறையிலிருந்தும் எழுவது கடினமாகும். பேருந்துப் படியில் கைப்பிடியை இழுத்தே ஏற நேரும். தோள்தசைகள் தளர்ந்தால் தலை வாருவதும், பரண்மீதுள்ள பாத்திரத்தை எடுப்பதும், கொடியில் துணி உலர்த்துவதும் இயலாது. பாதத்தசைகள் தளர்ந்தால் செருப்பு காலிலிருந்து தானே கழன்றுவிடும். சமதரையிலும் கால் தடுக்கும். விரல்கள் தளர்ந்தால் சட்டைப் பொத்தானும் பூட்டில் திருகும் சாவியும் தொல்லை தரும். இவற்றுள் எது, எப்போது தொடங்கியது, ஆறு மாதங்களுக்கு முன் இயன்ற எது இன்று இயலவில்லை என்ற மூன்று செய்திகள் எங்கள் பணியில் பாதியை முடித்துவிடும். கைப்பேசியில் எடுத்த சிறு காணொளி அதைவிடவும் உதவும். குழந்தை நடப்பது, ஓடுவது, தரையிலிருந்து எழுவது ஆகிய மூன்றையும் படமெடுத்து வாருங்கள்.

குழந்தைகளிடம் கவனிக்க வேண்டியவை

டுஷேன் தசைச்சிதைவு பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே தாக்குகிறது. பிறக்கும் ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ 3,500 முதல் 5,000 பேருக்கு ஒருவரிடம் இது காணப்படுகிறது. தசை இழைகளைக் காக்கும் டிஸ்ட்ரோஃபின் என்னும் புரதம் உடலில் உருவாகாததே காரணம். பதினெட்டு மாதங்கள் கடந்தும் நடக்காமை, பேச்சுத் தாமதம், நுனிக்காலில் நடத்தல், அடிக்கடி விழுதல், படியேறத் தயங்குதல், கெண்டைக்கால் பருத்துக் காணப்படுதல் ஆகியவை தொடக்க அறிகுறிகள். பருத்த கெண்டைக்காலைக் கண்டு "நல்ல உறுதியான கால்" என்று மகிழ்ந்த குடும்பங்களும் உண்டு, அது உறுதியன்று. தொடையில் கைகளை ஊன்றி எழும் முறையை 1879இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் கவர்ஸ் விளக்கினார். இன்றும் அவர் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. அதைக் காண எந்தக் கருவியும் வேண்டியதில்லை. தரையும் பார்க்கும் கண்ணும் போதும்.

மூன்று முதல் ஆறு வயதுக்குள் சில சிறுவர்கள் சற்றுத் தேறுவதுபோல் தோன்றுவர். குழந்தையின் இயல்பான வளர்ச்சி அக்காலத்தில் நோயின் வேகத்தை மறைத்து நிற்பதே காரணம். "வளர வளரச் சரியாகிவிடும்" என்று அந்த ஆண்டுகளில் காத்திருந்துவிடக் கூடாது.

இங்கே பொதுமருத்துவத்தில் நேரும் ஒரு பிழையையும் சொல்லியாக வேண்டும். எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்னும் நொதிகள் கல்லீரலில் மட்டுமல்லாமல் தசையிலும் உள்ளன. தசை சிதையும்போது இவை இரத்தத்தில் உயரும். இதைக் கல்லீரல் நோய் எனக் கருதி மாதக்கணக்கில் மருந்து உண்ட குழந்தைகள் உண்டு. அத்தகைய குழந்தைக்குச் சி.பி.கே. என்னும் இரத்தப் பரிசோதனையைச் செய்துவிட்டால் ஐயம் தெளியும். டுஷேன் நோயில் இவ்வளவு பல ஆயிரங்களைத் தொடும். கண் மஞ்சளாகாத, பசி குறையாத குழந்தையிடம் இந்த இரு நொதிகளும் உயர்ந்திருந்தால், "சி.பி.கே. பார்க்கலாமா, டாக்டர்?" என்று பெற்றோர் தயங்காமல் கேட்கலாம்.

கைக்குழந்தைகளிடம் வேறொரு நோய் வேறு முகத்துடன் வரும். தண்டுவடத் தசைநலிவு உள்ள குழந்தை துணிபோலத் துவண்டிருக்கும், தலை நிற்காது, கால்கள் தவளையின் கால்கள்போல் விரிந்து கிடக்கும், மூச்சு விடும்போது வயிறு மட்டும் ஏறி இறங்கும். ஆனால் கண்கள் பளிச்சென்று நம்மைத் தொடரும். முகம் பார்த்துச் சிரிக்கும். இக்குழந்தைகளின் அறிவுத்திறனில் குறையில்லை. செய்தித்தாள்களில் 16 கோடி ரூபாய் ஊசி என்று படித்தது இந்நோய்க்கான மரபணு மருத்துவத்தைப் பற்றியதே. வாய்வழி மருந்தும் இப்போது உண்டு. எந்த மருந்தானாலும் நரம்பணுக்கள் மடிவதற்கு முன் கொடுத்தால்தான் பெரும்பயன். ஆதலால் இங்கு வாரங்களும் மதிப்புடையவை.

பெரியவர்களிடம் கவனிக்க வேண்டியவை

மயஸ்தீனியாவின் தனி அடையாளம், காலையில் நலமும் மாலையில் தளர்வும். நூற்பாலையில் முதல் ஷிப்டைத் தெளிந்த கண்களுடன் தொடங்குபவருக்குப் பிற்பகலில் இமை சரியும். ஒரு நூல் இரண்டாகத் தெரியும். இரவு உணவின்போது பாதியிலேயே தாடை ஓய்ந்துவிடும். பேசப் பேசக் குரல் மூக்கில் ஒலிக்கும். ஓய்வெடுத்தால் மீளும். இதனால் பலர் கண்ணாடி மாற்றியே காலம் கழிக்கின்றனர். நடிகர் அமிதாப் பச்சனுக்கும் 1980களில் இந்நோய் கண்டறியப்பட்டது. அதன் பின்னரும் அவர் பல பத்தாண்டுகள் நடித்துவருகிறார். நரம்புத்தசை நோய்களுள் சிகிச்சைக்கு நன்கு இணங்குவது இது. பைரிடோஸ்டிக்மின் மாத்திரையும், எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளும், சிலருக்கு மார்புக்கூட்டில் உள்ள தைமஸ் சுரப்பியை நீக்கும் அறுவையும் பயன் தருகின்றன.

இளமையிலோ நடுவயதிலோ இடுப்பும் தோளும் மெல்ல மெல்லத் தளர்வது இடுப்பு-தோள் தசைச்சிதைவாக இருக்கலாம். இதே போன்ற தளர்ச்சி தைராய்டுக் கோளாறாலும், வைட்டமின் டி குறைவாலும், தசை அழற்சியாலும், கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளாலும் வரக்கூடும். இவை திருத்தக்கூடியவை. எனவே 'தசை நோய்' என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்பிக்கை இழக்க வேண்டாம். திருத்தக்கூடியது எது என்று முதலில் தேடுவதே மருத்துவரின் கடமை.

ஒரு மணி நேரமும் காத்திருக்கக் கூடாத நிலைகள்

முதலாவது, கில்லன் பாரே. வயிற்றுப்போக்கோ சளிக்காய்ச்சலோ வந்து ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் பாதங்களில் மதமதப்பு தொடங்கி, பலவீனம் நாளுக்கு நாள் மேலேறும். 2025 ஜனவரியில் புணே நகரில் ஒரே காலத்தில் பலருக்கு இந்நோய் வந்ததையும், அசுத்த நீரால் பரவும் குடல் கிருமி அதன் பின்னணியில் காணப்பட்டதையும் வாசகர்கள் அறிந்திருக்கலாம். தாக்கப்பட்டோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குச் செயற்கைச் சுவாசம் தேவைப்படும். தக்க நேரத்தில் இம்யூனோகுளோபுலின் ஊசியோ பிளாஸ்மா மாற்றமோ செய்தால் பெரும்பாலோர் மீண்டும் நடக்கின்றனர். பதினைந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திடீரெனக் கை கால் துவண்டால் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்து மலமாதிரி எடுப்பர். இது போலியோ மீண்டும் வராமல் காக்கும் நாடு தழுவிய ஏற்பாடு. பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை.

இரண்டாவது, மயஸ்தீனியா நோயாளருக்கு விழுங்குவதும் மூச்சும் தடைபடும் நெருக்கடி.

மூன்றாவது, நம் தோட்டத்துச் சாளைகளில் நேர்வது. இரவில் தரையில் படுத்தவரைக் கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ பெரிதாக இராது. பல்தடமும் தெரியாமல் போகலாம். விடியலில் வயிற்றுவலி, பின் இமை சரிவு, பேச்சுக் குழறல், மூச்சுத் திணறல் என வரும். பாம்பின் நஞ்சு நரம்பும் தசையும் சேரும் மடையை அடைத்துவிட்டது என்பதே பொருள். மந்திரிப்பதிலும் கட்டுப் போடுவதிலும் நேரம் போக்காமல் நஞ்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

இம்மூன்றிலும் உயிரைப் பறிப்பது மூச்சுத்தசைகளின் தளர்ச்சியே. ஒரே மூச்சில் இயல்பான வேகத்தில் எண்ணச் சொல்லுங்கள். இருபது வரை எண்ண இயலாவிட்டாலோ, தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாவிட்டாலோ, எச்சிலை விழுங்க முடியாமல் வழியவிட்டாலோ உடனே 108 ஐ அழையுங்கள். விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் அளவு சரியாக உள்ளது என்று காட்டுவதை மட்டும் நம்பாதீர்கள். அது குறையும்போது காலம் கடந்திருக்கும்.

நோயை உறுதி செய்தல்

சி.பி.கே. பரிசோதனையும், நரம்பின் மின்கடத்தலை அளக்கும் பரிசோதனையும் குறை எந்த இடத்தில் என்று காட்டும். டுஷேன் நோயை உறுதிசெய்யப் பெரும்பாலும் இரத்தத்தில் செய்யும் மரபணுப் பரிசோதனையே போதும். தசையை வெட்டி எடுக்க வேண்டிய தேவை இன்று குறைந்துவிட்டது. டிஸ்ட்ரோஃபின் மரபணு மனித மரபணுக்களில் மிக நீளமானவற்றுள் ஒன்று; 79 பகுதிகள் கொண்டது. மூன்றில் இரண்டு பங்கு நோயாளரிடம் அவற்றுள் ஒன்றோ பலவோ விடுபட்டிருக்கும். உடுமலையிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் உள்ள கோவையில் எம்.டி.சி.ஆர்.சி. என்னும் இலாப நோக்கற்ற மையம் இந்நோய்க்கான மரபணுப் பரிசோதனையையும் குடும்ப ஆலோசனையையும் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. எனவே வெகுதொலைவு அலைய வேண்டுமே என்று எவரும் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

நாள்தோறும் பேணுதல்

டுஷேன் நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் 'மருந்து இல்லை' என்பதற்கும் 'செய்வதற்கு ஒன்றுமில்லை' என்பதற்கும் நெடுந்தொலைவு உண்டு. சிறுவன் நடந்துகொண்டிருக்கும் காலத்திலேயே தொடங்கும் ஸ்டீராய்டு மருந்து நடக்கும் ஆண்டுகளைக் கூட்டுகிறது; முதுகு வளைவதைக் குறைக்கிறது; மூச்சையும் காக்கிறது. உடல் பருமன், எலும்பு மெலிவு, கண்புரை ஆகிய பக்கவிளைவுகளுக்காக மருத்துவர் தொடர்ந்து கண்காணிப்பார். இம்மருந்தைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. வாந்தியால் ஒரு நாள் மருந்து தங்காவிட்டாலும் மருத்துவமனைக்கு வாருங்கள்.

இயன்முறை மருத்துவர் கற்றுத்தரும் தசைநீட்டல் பயிற்சிகளை வீட்டில் நாள்தோறும் செய்ய வேண்டும். குதிகால் நரம்பு என்று நாம் வழக்கில் சொல்லும் தசைநாண் இறுகிவிட்டால், தசையில் வலு இருந்தும் கால் நிலத்தில் பதியாது. பத்து நிமிட நீட்டலும் இரவில் அணியும் பாதத்தாங்கியும் அதைத் தடுக்கும். வலி உண்டாகும் அளவுக்கு இழுக்கவோ முரட்டுத்தனமாக உருவவோ கூடாது. நீந்துதல், சமதரையில் நடத்தல் நல்லவை. பளு தூக்குதலும், மீண்டும் மீண்டும் படியிறங்குதலும் தசையைக் கிழிக்கும். பள்ளி விளையாட்டு ஆசிரியருக்கு இதை எழுதிக் கொடுங்கள்.

இதயமும் தசையே. டுஷேன் நோயில் குழந்தைக்கு எந்தத் தொல்லையும் இல்லாதபோதே ஆண்டுதோறும் எக்கோ பரிசோதனை தேவை. மூச்சுத்திறனையும் ஆண்டுதோறும் அளக்க வேண்டும். காலையில் தலைவலி, இரவில் அடிக்கடி விழித்தல், பகலில் தூங்கி வழிதல் ஆகியவை இரவில் மூச்சு போதவில்லை என்பதன் அடையாளங்கள். இதற்கு முகமூடி வழியே காற்றை அழுத்தித் தரும் கருவி உதவும். வெறும் ஆக்சிஜனை மட்டும் வைத்தால் கரியமில வாயு தேங்கி நிலைமை மோசமாகலாம்.

வேறு நோய்க்காகச் சிகிச்சை பெறும்போது இரட்டிப்புக் கவனம் வேண்டும். மயஸ்தீனியா நோயாளருக்கு ஜென்டாமைசின், அமிகாசின், சிப்ரோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின் போன்ற கிருமிக்கொல்லிகளும், மெக்னீசியம் ஊசியும், இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளும் பலவீனத்தைத் திடீரெனக் கூட்டக்கூடும். தசைச்சிதைவு நோயாளருக்குச் சிலவகை மயக்க மருந்துகள் ஆகா. பல் பிடுங்கும் முன்னும், எந்த அறுவைக்கு முன்னும் நோயின் பெயரைச் சொல்லுங்கள். நோயின் பெயர், உண்ணும் மருந்துகள், தவிர்க்க வேண்டிய மருந்துகள், அவசர நிலையில் அழைக்க வேண்டிய மருத்துவர் ஆகியவற்றை ஒரே அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருங்கள். மருந்துக்கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

மற்றொன்றையும் வருத்தத்துடன் சொல்கிறோம். ஸ்டெம் செல் ஊசியால் தசைச்சிதைவு தீரும் என்ற விளம்பரங்களை நம்பித் தோட்டத்தை அடகு வைத்த குடும்பங்கள் உண்டு. இந்நோய்க்கு அச்சிகிச்சை நம் நாட்டின் வழிகாட்டு நெறிகளில் ஏற்கப்பட்டதன்று. பெருந்தொகை கேட்கும் எந்தச் சிகிச்சைக்கும் முன் உங்கள் மருத்துவரை ஒரு சொல் கேளுங்கள்.

பழி யாருக்கும் உரியதன்று

நோய் உறுதியான நாளில் சில வீடுகளில் முதற்கேள்வி, "யார் வழியில் வந்தது?" என்பதாக இருக்கிறது. பெரும்பாலும் அது தாயை நோக்கியே எழுகிறது. டுஷேன் நோயில் மூன்றில் இரண்டு பங்கு தாயிடமிருந்து வருகிறது; மூன்றில் ஒரு பங்கு குழந்தையிடமே புதிதாக நேர்ந்த மாற்றம். தாயிடமிருந்து வந்ததாயினும் அவர் அறிந்து செய்தது எதுவுமில்லை. நம் கண்ணின் நிறத்தையும் உயரத்தையும் போலவே மரபணுவையும் எவரும் தேர்ந்தெடுப்பதில்லை. இந்நோய்க்கும் உறவில் மணம் செய்ததற்கும் தொடர்பும் இல்லை. தண்டுவடத் தசைநலிவு, இடுப்பு-தோள் தசைச்சிதைவின் பல வகைகள் ஆகியவை வேறு; அவற்றுக்குத் தாய் தந்தை இருவரும் ஆளுக்கொரு மாறிய மரபணுவைத் தர வேண்டும். நெருங்கிய உறவில் மணம் செய்தவர்களிடம் அதற்கான வாய்ப்பு கூடுகிறது.

இந்தக் கணக்கை அறிவது பழிசொல்வதற்காக அன்று. அடுத்து வரவிருப்பதைத் தெரிந்து முடிவெடுப்பதற்காக. டுஷேன் மரபணுவைச் சுமக்கும் தாய்க்குப் பிறக்கும் ஒவ்வோர் ஆண் குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. ஒவ்வொரு பெண் குழந்தையும் அம்மரபணுவைச் சுமக்கும் வாய்ப்பும் இரண்டில் ஒன்று. மூத்த குழந்தையின் மரபணு மாற்றம் தெரிந்திருந்தால், அடுத்த கருவை மூன்றாம் மாத அளவிலேயே பரிசோதிக்க இயலும். பெரியம்மா, சித்தி, தமக்கை எனத் தாய்வழிப் பெண்களுக்கும் ஆலோசனை பயன்படும். மரபணுவைச் சுமக்கும் தாயும் தம் இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். இதைப் பலரும் மறந்துவிடுகின்றனர்.

தொடக்கத்தில் கூறிய தாயின் இடுப்பிலிருந்த இளையவனுக்காகவே இவ்வளவும் சொல்கிறோம். மூத்தவனின் நோய் இரண்டு ஆண்டுகள் முன்னதாகத் தெரிந்திருந்தால், அந்தக் குடும்பம் தெளிந்த அறிவுடன் அடுத்த அடியை வைத்திருக்கும். இளையவனுக்கும் இன்றே ஒரு சி.பி.கே. பரிசோதனை செய்துவிட்டால், அந்த அச்சம் நீங்கவோ சிகிச்சை காலத்தே தொடங்கவோ வழி பிறக்கும்.

உரிமைகளும் உதவிகளும்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தசைச்சிதைவு நோயை அங்கீகரிக்கப்பட்ட 21 வகைகளுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது. தமிழ்நாடு அரசு தசைச்சிதைவு நோயால் பாதிக்கப்பட்டோருக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வழங்குகிறது. இதற்கும், தனித்துவ அடையாள அட்டைக்கும், சக்கர நாற்காலிக்கும் திருப்பூரில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ், இயன்முறை சிகிச்சை வீட்டிற்கே வரும் வசதியுண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். பள்ளிச் சிறுவர்களுக்கு வட்டார வள மையங்களிலும் பயிற்சி கிடைக்கிறது. வகுப்பறையைத் தரைத்தளத்துக்கு மாற்றித் தருமாறு தலைமையாசிரியரிடம் கேட்பது சலுகை கோருவதன்று, உரிமை.

சேலத்தில் வானவன் மாதேவி, இயலிசை வல்லபி என்னும் சகோதரிகள் தசைச்சிதைவு நோயுடன் வாழ்ந்தபடியே ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கி, அதே நோயுற்ற பிறருக்குச் சிகிச்சையும் துணையும் கிடைக்கப் பாடுபட்டனர். நோயுற்றவர் பிறரால் பேணப்படுபவர் மட்டுமல்லர், பிறரைப் பேணவும் வல்லவர் என்பதற்கு நம் கொங்கு மண்ணிலேயே அவர்கள் சான்று.

பேணுவோருக்கும் ஒரு சொல். இரவில் பலமுறை எழுந்து பிள்ளையைப் புரட்டிப் படுக்கவைக்கும் தாயின் முதுகும் உறக்கமும் மருத்துவத்தின் கவனத்துக்கு உரியவையே. தூக்கும் முறையை இயன்முறை மருத்துவரிடம் கேட்டறியுங்கள். வாரத்தில் சில மணி நேரமேனும் வேறொருவர் பொறுப்பேற்கட்டும். உங்கள் மனச்சோர்வையும் எங்களிடம் சொல்லுங்கள்.

மனத்தில் இருத்த வேண்டியவை

விழும் குழந்தையையும், தொடையை ஊன்றி எழும் குழந்தையையும் சோம்பேறி என்று சொல்லாதீர்கள்; சி.பி.கே. பாருங்கள்.

மாலையில் சரியும் இமையை வயதின் மீது ஏற்றிவிடாதீர்கள்.

நாளுக்கு நாள் மேலேறும் பலவீனமும், விழுங்க இயலாமையும், மூச்சுத் திணறலும் அன்றே, அப்போதே மருத்துவமனைக்கு உரியவை.

ஸ்டீராய்டைத் தாமாக நிறுத்தாதீர்கள். நோய் அட்டையின்றி வெளியே செல்லாதீர்கள்.

ஒரு குழந்தைக்கு நோய் உறுதியானால் உடன்பிறந்தோரையும் தாயையும் பரிசோதியுங்கள்; எவர்மீதும் பழி சுமத்தாதீர்கள்.

இக்கட்டுரையை வாசித்து முடித்தவர்கள், இன்று மாலை தெருவில் விளையாடும் பிள்ளைகளைச் சற்றே கவனியுங்கள். எல்லாருக்கும் பின்னால் வரும் சிறுவன் ஒருவன் இருந்தால், அவன் எவ்வாறு எழுகிறான் என்று பாருங்கள். ஐயம் தோன்றினால் அவன் பெற்றோரிடம் அன்போடு கூறி, உடன் அழைத்து வாருங்கள்.